அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

2008 கோடையில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் 350 டாலர் கொடுத்து, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டு பதினோரு பெட்டி வாங்கி வந்தேன். காரின் பின்சீட், டிக்கி இரண்டும் நிறைந்து, கடைசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். விற்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். மகனின் காலேஜ் செலவுக்கு என்று பல வருஷம் சேர்த்ததாம். காலேஜ் முடிந்துவிட்டது, கார்டு அப்படியே இருந்தது. அந்த வாக்கியத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். பெட்டியோடு இலவசமாகக் கொடுத்த 1990-ம் வருஷத்து விலைப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தீப்பெட்டிப் படம் சேர்த்த புத்தி இன்னும் போகலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

போகவில்லைதான். கோயம்புத்தூரில் சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தேன். அப்புறம் பிக் ஃபன் பபிள்கம் வாங்கினால் கிடைக்கும் கிரிக்கெட் கார்டு. அதில் இருக்கும் ரன்களைச் சேர்ப்பதற்காக மென்றுமென்று பல்லெல்லாம் வலித்தது. 2006-ல் வேலை நிமித்தமாக சவுத் கரோலினாவில் இருக்கும் கிரீன்வில்லுக்கு வந்தேன். எழுபதாயிரம் பேர் இருக்கும் ஊர். நான் வந்த அதே வருஷம்தான் ஊருக்குள் புது பேஸ்பால் மைதானம் திறந்தார்கள். பாஸ்டன் மைதானத்தில் இருக்கும் பெரிய பச்சைச் சுவரைப் போல இங்கேயும் ஒரு சுவர் கட்டியிருந்தார்கள். கிரிக்கெட்டுக்குப் பதில் ஏதாவது ஒன்று வேண்டுமே என்று போய் உட்கார்ந்தவன், ஆட்டத்தைவிட அட்டையில் அதிகமாக மாட்டிக்கொண்டேன்.

சரி, அந்தப் பதினோரு பெட்டி. அடுத்த சனிக்கிழமை மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரிலிருந்த கார்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினார், வருஷத்தைப் பார்த்தார், மூடினார். "எங்கே வைப்பது என்று கேளுங்கள், யோசனை சொல்கிறேன். என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள்." எல்லாம் 1987-லிருந்து 1992 வரைக்கும் வந்தவை. அமெரிக்காவில் அந்தக் காலத்துக் கார்டுக்கு 'ஜங்க் வேக்ஸ்' என்று பெயர். மெழுகு பூசிய காகிதத்தில் சுற்றி வந்த குப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவை ஏன் குப்பை ஆயின என்பது ஒரு நல்ல பொருளாதாரப் பாடம். 1956-ல் போமன் கம்பெனியை விலைக்கு வாங்கியதிலிருந்து டாப்ஸ் ஒன்றுதான் இந்தத் தொழிலில் ராஜா. ஃப்ளீர் கம்பெனி கோர்ட்டுக்குப் போய், 1980-ல் சாதகமாகத் தீர்ப்பு வர, 1981-ல் ஃப்ளீரும் டான்ரஸும் களத்தில் இறங்கின. டான்ரஸ் நம் தெற்கத்திக் கம்பெனி, டென்னசியின் மெம்ஃபிஸ் நகரத்தில் பபிள்கம் செய்துகொண்டிருந்தவர்கள். மேல்கோர்ட்டில் தீர்ப்பு மாறி, கார்டோடு பபிள்கம் விற்கும் உரிமை டாப்ஸுக்கு மட்டும்தான் என்றானபோது, பபிள்கம் கம்பெனியான டான்ரஸ் கம்முக்குப் பதில் கார்டோடு புதிர்ப்படத் துண்டு வைத்து விற்றது. 1988-ல் ஸ்கோர், 1989-ல் அப்பர் டெக். எல்லோரும் அச்சடித்துத் தள்ளினார்கள். அதே சமயம், பழைய கார்டு லட்சக்கணக்கில் விலை போகிறது என்ற செய்தி படித்து, வாங்கியவர்கள் எல்லோரும் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். 1952-ல் வந்த மிக்கி மேன்டில் என்ற நட்சத்திர ஆட்டக்காரரின் கார்டுக்கு அவ்வளவு விலை வந்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கான அம்மாக்கள் அதைக் குப்பையில் போட்டது. விற்காத பெட்டிகளை டாப்ஸே படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டியது. 1990-ல் எந்த அம்மாவும் எதையும் தூக்கிப் போடவில்லை. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்?

எங்கள் ஊரில் இந்தக் காய்ச்சல் கொஞ்சம் கூடுதலாகவே அடித்திருக்கிறது. டெட் டர்னரின் டிபிஎஸ் சானல் வழியாக அட்லாண்டா பிரேவ்ஸ் ஆட்டம் தெற்கு முழுக்க வீட்டுக்கு வீடு வந்தது. அதே பிரேவ்ஸின் இரண்டாம் நிலை அணி 1984 முதல் 2004 வரை கிரீன்வில்லில்தான் இருந்தது. டாம் கிளாவின் இங்கே பந்து வீசிப் பழகியவர். சிப்பர் ஜோன்ஸ் 1992-ல் இங்கே ஆடினார். நேற்று சாயங்காலம் மைதானத்தில் வேலியோரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பையன், மூன்று வருஷம் கழித்து டிவியில் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியை ஜெயிக்கிறான் என்றால், அவன் கார்டைப் பெட்டி பெட்டியாக வாங்கத்தானே தோன்றும்? என் பதினோரு பெட்டியில் சிப்பர் ஜோன்ஸின் 1991 டாப்ஸ் கார்டு மட்டும் நாற்பதுக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றும் இன்றைக்குச் சில டாலர், அதுவும் மூலை மழுங்காமல் இருந்தால். பழைய விலைப் புத்தகத்தை நம்பாதீர்கள் என்பது நான் 350 டாலர் கட்டிப் படித்தது. இப்போதென்றால், கேட்கும் விலையை விட்டுவிட்டு, போன மாதம் உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று ஏலத் தளங்களில் 'விற்றவை' பட்டியலைப் பார்ப்பேன். கேட்பவன் என்ன வேண்டுமானாலும் கேட்பான்.

அன்று கடையில் இன்னொருவர் இருந்தார். எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெரியவர், சனிக்கிழமை தவறாமல் வந்து கண்ணாடி அலமாரிப் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர். என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, பைக்குள்ளிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலம். சுற்றிலும் சிவப்பு ஓரம், நடுவில் கறுப்பு வெள்ளைப் படத்தில் தொப்பி போட்ட ஓர் இளைஞன், கீழே அவன் பெயர், பக்கத்தில் 'கிரீன்வில்'. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சன், திருப்பிப் பார்," என்றார். மகனே என்பதுதான் அர்த்தம். எனக்கு அது ஊரில் யாரோ தம்பி என்று கூப்பிட்டதுபோல இருந்தது.

பின்பக்கம் ஓல்ட் மில் சிகரெட் விளம்பரம். 1910-ல் சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த கார்டு அது. சேகரிப்பவர்கள் டி210 என்பார்கள். எட்டு வரிசையாக 640 கார்டு, எல்லாமே தெற்கத்திச் சின்ன ஊர் அணிகளின் ஆட்டக்காரர்கள். ஐந்தாவது வரிசை கரோலினா அசோசியேஷன் என்ற லீக்குக்கு. கிரீன்வில், பக்கத்து ஊரான ஸ்பார்ட்டன்பர்க், ஆண்டர்சன் எல்லாம் அதில் வரும். எங்கள் அணிக்கு அப்போது 'ஸ்பின்னர்ஸ்' என்று பெயர். சுழல்பந்து என்று நினைத்தேன். பெரியவர் சிரித்தார். நூல் நூற்பவர்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் அப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மென்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதும் சத்தத்தில் எழுந்து, லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். சாயங்காலம் அப்பா வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். இந்த ஊரும் அதே ஊர்தான். மில், மில்லைச் சுற்றி லைன் வீடு, மில் முதலாளியே நடத்தும் கடை, மில்லுக்கு மில் ஒரு பேஸ்பால் அணி. மேற்குப் பக்கம் இருக்கும் பிராண்டன் மில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு காலத்தில் அங்கே ஆறேழு வயதில் வேலைக்குச் சேர்ந்து, 13 வயதில் பெரியவர்களின் மில் அணியில் ஆடியவர்தான் ஷூலெஸ் ஜோ ஜாக்சன். புது ஷூ காலைக் கடித்ததால் காலுறையோடு ஆடியதற்கு வந்த பட்டப்பெயர், சாகும்வரை விடவில்லை. 1908-ல் இதே ஸ்பின்னர்ஸ் அணிக்கு ஆடினார். டி210 வரிசையிலேயே விலை மிக உயர்ந்த கார்டு அவருடையதுதான், ஆனால் 1910-ல் அவர் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டதால் அதில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும்.

அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் சனிக்கிழமை காலை அந்தப் பெரியவரிடம்தான் பாடம். முதல் பாடம் சிகரெட். 1880-களில் சிகரெட்டை மெல்லிய காகித உறையில் விற்றார்கள். நசுங்காமல் இருக்க ஒரு தடித்த அட்டை தேவைப்பட்டது. அதை ஏன் வெறுமனே விடுவது என்று நடிகைகள், ராஜாக்கள், கொடிகள், ஆட்டக்காரர்கள் படம் போட்டார்கள். விர்ஜீனியாவின் ரிச்மண்டில் இருந்த ஆலன் அண்ட் ஜின்டர் 1887-ல் வெளியிட்ட 50 கார்டு கொண்ட வரிசையில் பத்துப் பேர் பேஸ்பால் ஆட்டக்காரர்கள். கிரீன்வில்லிலிருந்து நாலு மணி நேரத் தூரத்தில், நார்த் கரோலினாவின் டர்ஹமில் டியூக் குடும்பம் பான்சாக் கண்டுபிடித்த சிகரெட் இயந்திரத்தை வாங்கிப் போட்டு, கையால் சுருட்டியவர்களை எல்லாம் தோற்கடித்தது. 1890-ல் போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி ஆனதும், போட்டி போனதால் கார்டும் தேய்ந்துவிட்டது. 1909-ல் மறுபடி வந்தது. அந்த வரிசைதான் டி206. 1911 வரை, 524 கார்டு, பதினாறு சிகரெட் பிராண்டு.

இங்கேதான் பின்பக்கம் முக்கியம். ஒரே ஆட்டக்காரர், ஒரே படம், ஆனால் முதுகில் பீட்மாண்ட் என்று இருந்தால் ஒரு விலை, பிராட் லீஃப் என்றோ டிரம் என்றோ இருந்தால் பல மடங்கு. பீட்மாண்ட் எங்கள் பகுதியின் பெயர்தான், மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் இருக்கும் மேட்டு நிலம். அந்த முதுகு கார்டுதான் அதிகம். கீழே பொடி எழுத்தில் 'ஃபேக்டரி நம்பர் 25, விர்ஜீனியா' என்று இருக்கும். வேறு சிலவற்றில் 42, நார்த் கரோலினா. எந்த ஆலையில் பாக்கெட்டுக்குள் போனது என்பதற்கு அதுதான் முகவரி. பழைய துணியின் ஓரத்தில் மில் முத்திரை பார்த்து இது எந்த மில் என்று சொல்லும் அப்பாவின் ஞாபகம் வந்தது.

இவ்வளவு படித்தவன் உஷாராக இருக்க வேண்டாமா? 2011-ல் ஊருக்கு வெளியே ஒரு சந்தையில், பழைய ஷேவிங் பிரஷ்களுக்கும் துருப்பிடித்த சுத்தியலுக்கும் நடுவில், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் டை காப்பின் கார்டு ஒன்று பார்த்தேன். டி206 மாதிரியே. மூலை மழுங்கி, காபி நிறத்தில் பழுத்து. விற்றவர் தாத்தா பெட்டியில் கிடைத்தது என்றார். பேரம் பேசி 180 டாலருக்கு வாங்கினேன். டை காப் பக்கத்து ஜார்ஜியாக்காரர், அவர் வளர்ந்த ராய்ஸ்டன் இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான், அதனால் இந்தப் பக்கம் ஒரு வீட்டில் கிடைக்காதா என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியவர் கையில் வாங்கினார். படத்தைப் பார்க்கவே இல்லை. நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல ஒரு லென்ஸை எடுத்து, கீழே இருந்த பெயரின் எழுத்தின்மேல் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். 'சி' என்ற எழுத்து முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. பிறகு தன்னுடைய அசல் கார்டை வைத்தார். அதில் பெயர் ஒரே பழுப்பு மையில் கெட்டியாக, கோடு அறுபடாமல் ஓடியது. அந்தக் காலத்தில் கல் அச்சில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றினார்கள், எழுத்துக்குத் தனி மை. இப்போதைய அச்சில் படத்தோடு எழுத்தையும் சேர்த்து நாலு நிறப் புள்ளியாக அடிக்கிறார்கள். அடுத்து கடை விளக்கை அணைத்து, புறஊதா டார்ச்சைக் காட்டினார். அவருடைய கார்டு மங்கலாகக் கிடந்தது. என்னுடையது புது வேட்டி மாதிரி நீல வெள்ளையில் மின்னியது. காகிதத்தை வெளுப்பாக்கும் ரசாயனம் பழைய காகிதத்தில் கிடையாது. டீயில் முக்கி, சட்டைப்பையில் வைத்துத் துவைத்து, யாரோ நன்றாக உழைத்திருக்கிறார்கள்.

பத்து டாலருக்குப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், பத்து டாலருக்கு ஒரு புறஊதா டார்ச். இந்த இரண்டும் முன்னாடியே இருந்திருந்தால் 160 டாலர் மிச்சம். அந்தப் போலியை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்க்க வரும் பையன்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

ஆனால் வீட்டில் கிடைக்காதா என்று நான் நினைத்ததும் முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. 2016-ல் தெற்கில் ஒரு கிராமத்து வீட்டில், கொள்ளுத்தாத்தா விட்டுப்போன சாமான்களைக் குப்பையில் போட ஒதுக்கியபோது, கசங்கிய ஒரு காகிதப் பையை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஏழு டை காப் கார்டு. முன்பக்கம் எல்லாரும் பார்த்த சிவப்புப் பின்னணிப் படம். பின்பக்கத்தில்தான் சங்கதி: 'டை காப்' என்ற பெயரிலேயே வந்த சிகரெட்டின் விளம்பரம். அதுவரை அப்படிப்பட்டவை உலகத்தில் பதினைந்துக்குப் பக்கம்தான் தெரிந்திருந்தது. திருப்பிப் பார்க்காமல் போட்டிருந்தால் போயிருக்கும்.

ஜோ ஜாக்சன் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கடைசியாக வாழ்ந்த செங்கல் வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து மைதானத்துக்குப் பக்கத்தில் வைத்து 2008-ல் மியூசியமாகத் திறந்தார்கள். முகவரி 356 ஃபீல்ட் ஸ்ட்ரீட். 356 என்பது அவருடைய மொத்த ஆட்ட வாழ்க்கையின் பேட்டிங் சராசரி, ஆயிரம் வாய்ப்புக்கு 356 தடவை அடித்திருக்கிறார் என்று அர்த்தம். 1911-ல் அது 408. முழு சீசனாக அவர் ஆடிய முதல் வருஷம். 1919 உலகத் தொடரில் சூதாடிகளிடம் காசு வாங்கித் தோற்றதாக அவரையும் சேர்த்து எட்டுப் பேர்மேல் வழக்கு. 1921 ஆகஸ்டில் ஜூரி விடுதலை செய்தது, மறுநாளே பேஸ்பால் கமிஷனர் ஆயுள் தடை போட்டார். அதோடு அவருக்குக் கார்டு நின்றுவிட்டது. கடைசியில் ஊருக்கே திரும்பி வந்து மதுக்கடை வைத்துப் பிழைத்தார்.

இங்கே சேகரிப்பவர்களுக்கு அவர் கார்டு சாமிப் படம் மாதிரி. 1914-ல் கிராக்கர் ஜாக் என்ற பாகு தடவிய சோளப்பொரிப் பெட்டிக்குள் வந்த கார்டு ஒன்று உண்டு. பொரியோடு பொரியாகக் கிடந்ததால் பெரும்பாலும் பாகுக் கறை இருக்கும். 1915-ல் கூப்பன் அனுப்பினால் தபாலில் முழு செட்டாகவே வந்தது, அதனால் அவை சுத்தம். கறை இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள், 1914 கார்டுக்குக் கறை கிட்டத்தட்ட பிறப்புச் சான்றிதழ். கையெழுத்து வேண்டும் என்று மட்டும் தேடாதீர்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மனைவி கேட்டிதான் பெரும்பாலும் அவர் பெயரை எழுதிக் கொடுத்தார். அவரே போட்டது 2021 ஏலத்தில் 14 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது, 1911-ம் வருஷத்துப் புகைப்படத்தின்மேல். சந்தையில் நூறு டாலருக்குக் கிடைத்தால் அது அவருடையது இல்லை.

1951 டிசம்பரில் அவர் இறந்தார். சில மாதத்தில் டாப்ஸின் 407 கார்டு கொண்ட புகழ்பெற்ற 1952 செட் கடைக்கு வந்தது. அவர் காலத்தில் கார்டு சிகரெட்டோடு வந்தது, இவர்கள் காலத்தில் பபிள்கம்மோடு. 2025 மே மாதத்தில், இறந்துபோனவர்கள்மேல் இருந்த தடையை நீக்கி, அவர் பெயரையும் விடுவித்தார்கள். அன்று சாயங்காலம் கடையில் உட்கார இடமில்லை. பெரியவரின் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அவர் 2013-லேயே போய்விட்டார்.

கார்டைப் பாதுகாப்பதில் நான் செய்த தப்பு ஒன்றிரண்டு இல்லை. இந்த ஊர் ஆடி மாதத்துக்கும் நம் ஊர்க் கடலோரப் புழுக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. பரணில் வைத்தேன், வெயிலில் அட்டை வளைந்தது. வீட்டுக்கு அடியில் இருக்கும் தாழ்வான இடத்தில் வைத்தேன், பூஞ்சணம் வந்தது. வெள்ளிப்பூச்சி அட்டையின் ஓரத்தை ரம்பம் மாதிரி அரித்துவைத்தது. மலிவான பிவிசி பைண்டர் தாளில் வைத்தவை மூன்று வருஷத்தில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொண்டன. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கட்டில் மேல் கார்டும் கீழ்க் கார்டும் இடுப்பில் பள்ளம் விழுந்து செத்தன. இப்போது ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்லீவ், அதற்குமேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை, எல்லாம் சேர்த்து படுக்கையறை அலமாரியில் சிலிக்கா ஜெல் பையோடு. மனிதன் தூங்கக்கூடிய அறையில்தான் கார்டும் தூங்கும். அழுக்காக இருக்கிறதே என்று துடைக்காதீர்கள், ஓரத்தை வெட்டி நேராக்காதீர்கள். உலகத்திலேயே பேர்பெற்ற, ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டின் ஓரத்தைத் தான் வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோவே 2013-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். அந்தக் கார்டு அதற்குள் பல கை மாறி, லட்சக்கணக்கான டாலராக விலை ஏறியிருந்தது வேறு விஷயம்.

2020-21 கொரோனா சமயத்தில் மறுபடி ஒரு காய்ச்சல். டார்கெட் கடையில் சண்டை போட்டு, துப்பாக்கி வரை போய், கடையில் கார்டு விற்பதையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்கள். நானும் மகளும் ஆசைப்பட்டு இருபது கார்டைத் தரம் பார்த்து முத்திரையிடும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். பதினோரு மாதம் கழித்து வந்தது. கட்டணம், தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் பதினாறு கார்டின் விலையைவிட அதிகம். முத்திரைக்குப் பின் என்ன விலை போகும் என்று பார்த்துவிட்டு, செலவில் மூன்று மடங்காவது வந்தால்தான் இப்போது அனுப்புகிறேன். மகள் அந்தக் கணக்கை எக்செல்லில் போட்டு எனக்குக் காட்டியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவள் அம்மாவின் மகள்.

ஒரு விஷயம் பெரியவர் அதிகம் பேசியதில்லை. டி206-இன் 524 கார்டிலும் டி210-இன் 640 கார்டிலும் ஒரு கறுப்பர்கூட இல்லை. அந்த லீக்குகளில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. மில்லிலும் அப்படித்தான். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் தறி ஓட்டக்கூடாது என்று 1915-ல் சவுத் கரோலினா சட்டமே போட்டது. அதனால் எங்கள் ஊர்க் கார்டு வரலாறு என்று நான் மேலே எழுதியது பாதி ஊரின் வரலாறுதான்.

மீதிப் பாதியை நான் பார்த்தது 2022-ல். ஊரில் நடக்கும் கார்டு கண்காட்சியில் ஒரு மேசை எடுத்து, ஜங்க் வேக்ஸ் பெட்டிகளைச் சின்னப் பையன்களுக்கு ஒரு டாலருக்கு ஐம்பது என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு கறுப்பர் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் உடை, கையில் தொப்பி. சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, அதிலிருந்து ஒரு கார்டை மேசைமேல் வைத்தார். 1956 டாப்ஸ், பெரிய லீக்குகளின் நிறத் தடையை உடைத்த கறுப்பு ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன், முப்பதாம் நம்பர். படுக்கை வாட்டில், முகம் பெரிதாக, பின்னால் அவர் ஹோம் பிளேட்டுக்குள் பாயும் படம். நாலு மூலையும் உருண்டு போயிருந்தது. டாட்ஜர்ஸ் என்ற அணிப் பெயரைப் பேனாவால் அடித்து, மேலே 'ஜயன்ட்ஸ்' என்று குழந்தைக் கையெழுத்தில் எழுதி, அதையும் அடித்திருந்தது.

எனக்கு உடனே புரிந்தது. 1956 டிசம்பரில் ராபின்சனை ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, ஆட்டத்தையே விட்டுவிட்டார். ஏதோ ஒரு சிறுவன் செய்தி கேட்டு அணியை மாற்றி எழுதி, அடுத்த மாதம் செய்தி கேட்டு அதையும் அடித்திருக்கிறான்.

"நான்தான்," என்றார். "எனக்கு ஆறு வயது."

பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். மூன்று கேலிச்சித்திரங்கள், கீழே புள்ளிவிவரம், அதற்கும் கீழே பென்சிலில் ஒரு தேதி. 1959 அக்டோபர் 25. அந்தத் தேதி இந்த ஊருக்கு முக்கியம். அன்றைக்குத்தான் கூட்டத்தில் பேச வந்த ராபின்சனை, கிரீன்வில் விமான நிலையத்தில் வெள்ளையர் அமரும் இடத்திலிருந்து எழுந்து போகச் சொல்லி, கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். அதைக் கண்டித்து அடுத்த புத்தாண்டு அன்று சுமார் 250 பேர் மழையிலும் குளிரிலும் விமான நிலையத்துக்கு ஊர்வலம் போனார்கள்.

"கூட்டத்துக்குப் போனீர்களா, சார்?"

"அப்பாவோடு. ரொம்பப் பின்னால். தலைதான் தெரிந்தது." கொஞ்சம் நிறுத்தி, "முடி எல்லாம் வெளுத்திருந்தது. கார்டில் கறுப்பு," என்றார்.

பேனாக் கிறுக்கல் இருப்பதால் நல்ல கார்டின் விலையில் சின்னப் பங்குதான் வரும் என்று சொல்லவேண்டியது என் கடமை, சொன்னேன். தலையை ஆட்டினார். அதைக் கேட்க அவர் வந்ததாகவே தெரியவில்லை. என் மேசையில் அடுக்கியிருந்த டாப்லோடர் ஒன்றைக் கையில் எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, "இது எவ்வளவு?" என்று கேட்டார்.

1956 கார்டு அளவில் கொஞ்சம் பெரிது, சாதாரண டாப்லோடருக்குள் போகாது. பெட்டியைக் கிளறிப் பெரிய அளவில் ஒன்றைத் தேடி எடுத்து, முதலில் ஸ்லீவில் போட்டு, அப்புறம் உள்ளே இறக்கிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். ஒரு டாலரை மேசையில் வைத்து, அதன்மேல் என் ஜங்க் வேக்ஸ் கட்டு ஒன்றைப் பாரமாக வைத்துவிட்டுப் போனார்.